நாலு செடிக்குள்ள ஒரு தாய்ச்செடி

கனடாவுல ஒண்டாரியோ மாகாணத்துல ஒரு வீட்டுக்கு நாலு கஞ்சா செடி வளக்கலாம். ஆளுக்கு நாலு இல்லங்க, வீட்டுக்கு நாலு, வீட்ல எத்தன பேர் இருந்தாலும் அதே நாலுதான். 2018 அக்டோபர் 17ல சட்டம் அமலுக்கு வந்ததுலருந்து இதான் கணக்கு, வளக்கறவங்களுக்கு 19 வயசு ஆயிருக்கணும், விதையும் சட்டப்படி வாங்கினதா இருக்கணும். மெடிக்கல் காரணத்துக்கு ஹெல்த் கனடாவுல பதிஞ்சவங்களுக்கு வேற கணக்கு, நான் அந்த லிஸ்ட்ல இல்ல.

இந்த நாலுங்கற நம்பர் சின்னதா தெரியும், ஆனா குளோன் எடுக்கணும்னு, அதாவது ஒரு செடிலருந்து தண்டு வெட்டி வேர் விட வச்சு அதே மாதிரி இன்னொண்ணு உண்டாக்கணும்னு ஆரம்பிச்சீங்கன்னா எல்லாத்தையும் தீர்மானிக்கறதே அதுதான். ஏன்னா தண்டு வெட்டறதுக்குன்னே வைக்கற தாய்ச்செடி பத்தி நெட்ல கிடைக்கற முக்காவாசி அட்வைஸ் குடோன் சைஸ்ல வளக்கறவங்க எழுதினது. ஒரு தாய்ச்செடிய பெருசா புதர் மாதிரி வளத்து, வாரா வாரம் ட்ரே ட்ரேயா வெட்டி எடு, நாலஞ்சு மாசத்துல தூக்கிப்போட்டுட்டு வேற வைன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு சரி. நாலே செடி இருக்கற வீட்ல பூவே பூக்காத ஒரு செடிய வருஷம் பூரா லைட் போட்டு வச்சிருந்தா கால்வாசி கோட்டாவ அது ஒண்ணே தின்னுடும். அப்ப அத எதுக்கு வைக்கணும், எப்ப மாத்தணும், மாத்தும்போது எத யோசிக்கணும்னு நம்ம சைஸுக்கு தனியா யோசிக்க வேண்டியிருக்கு, இந்த பதிவு அதுக்குத்தான்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இத படிச்சிட்டு ஊர்ல யாரும் மொட்டமாடில ட்ரை பண்ணாதீங்க. இந்தியாவுல 1985ல வந்த போதைப்பொருள் தடுப்பு சட்டத்துல கஞ்சா செடி வளக்கறதே ஜெயிலுக்கு போற குத்தம், இலங்கைலயும் வீட்ல வளக்க முடியாது. கனடாவுக்குள்ளயே பக்கத்து மாகாணம் கியூபெக்ல வீட்ல ஒரு செடி கூட கூடாது, 2023ல சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தடை செல்லும்னு சொல்லிடுச்சு. விதைய பாக்கெட்ல போட்டுக்கிட்டு நாட்டு பார்டர் தாண்டறதும் குத்தம். வாடகை வீடா இருந்தா லீஸ்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, காண்டோவா (சொந்த அப்பார்ட்மென்ட்) இருந்தா காண்டோ ரூல்ஸ பாருங்க. கொழந்தைங்க இருக்கற வீடுன்னா செடி வளக்கற டென்ட்டுக்கு பூட்டு.

சரி, எதுக்கு குளோன்? விதை வாங்கி போட்டா போதாதா?

போதும், பல பேருக்கு அதான் நல்லதும் கூட. ஆனா ஒரே பாக்கெட்ல வந்த விதைங்கள பக்கத்து பக்கத்துல போட்டு பாத்தவங்களுக்குத் தெரியும், ஒண்ணு குள்ளமா அடர்த்தியா வரும், ஒண்ணு நெடுநெடுன்னு போகும், ஒண்ணுல ரப்பர் எரிஞ்ச வாசம், இன்னொண்ணுல ஒண்ணுமே இருக்காது. என்கிட்ட இருக்கற செடி எலுமிச்சம்பழத் தோல நகத்தால கீறினா வருமே அந்த வாசம், அதோட கொஞ்சம் மிளகு. அது கூடப் பொறந்த செடிங்க எதுலயும் அந்த வாசம் இல்ல, அதே பேர் போட்ட பாக்கெட்ட மறுபடி வாங்கினாலும் அது வரும்னு கேரண்டி இல்ல. அப்படி ஒண்ணு கைல மாட்டினா அத விடாம புடிச்சு வச்சுக்க ஒரே வழி தண்டு வெட்டி வேர் விட வைக்கறதுதான். நம்ம மல்லிகைல பண்றதும் இதுதானே, தங்கச்சிமடம் பக்கம் மல்லிக் கன்னு போடறவங்க யாரும் விதை போடறதில்ல. ஆட்டோஃபிளவர் ரகத்துல மட்டும் இது வேலைக்காகாது, அது லைட்ட பாக்காம வயசப் பாத்து பூக்கற ஜாதி, வெட்டின தண்டுக்கும் அதே வயசுதான், வேர் விடறதுக்குள்ள பூத்துடும்.

மத்த ரகம் எல்லாம் ராத்திரி நீளத்தப் பாத்துத்தான் பூக்கும். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் லைட் குடுத்தா வெறும் இலையும் கெளையுமா வளந்துகிட்டே இருக்கும், 12 மணி நேரம் முழு இருட்டு குடுத்தா பூக்க ஆரம்பிச்சிடும். தாய்ச்செடின்னா அவ்வளவுதான், பூக்கவே விடாம 18 மணி லைட்லயே நிறுத்தி வச்சிருக்கற செடி. அதுக்கு பெரிய லைட் தேவையில்ல, 100 வாட்ஸ் எல்இடி தாராளம். 18 மணி நேரம் எரிஞ்சா ஒரு நாளைக்கு 1.8 யூனிட், மாசத்துக்கு 54 யூனிட். நாங்க ராத்திரி 11லருந்து காலை 7 வரைக்கும் ரேட் கம்மியா இருக்கற பிளான்ல இருக்கோம், அதுல வார நாள்ல சாயங்காலம் 4லருந்து 9 வரைக்கும்தான் ரேட் ஏறிக் கெடக்கும், அதனால செடிக்கு இருட்டு நேரத்த சாயங்காலம் 4லருந்து 10 வரைக்கும் வச்சாச்சு. வீட்ல எல்லாரும் சமைச்சுகிட்டு டிவி பாத்துகிட்டு இருக்கற நேரத்துல அது தூங்கும், நாம தூங்கும்போது அது முழிச்சிருக்கும்.

இப்ப வயசு விஷயத்துக்கு வரேன். தாய்ச்செடிக்கு வயசாயிட்டா குளோனோட தரம் கொறஞ்சிடும், அதோட குளோன், அந்த குளோனோட குளோன்னு போகப்போக ஜெராக்ஸ ஜெராக்ஸ் எடுத்த மாதிரி மங்கிடும்னு ஒரு நம்பிக்கை ரொம்ப ஸ்ட்ராங்கா சுத்திட்டிருக்கு. நான் இத பெருசா நம்பறதில்ல. இங்க கடைல கிடைக்குதே மெக்கின்டாஷ் ஆப்பிள், அது ஒண்டாரியோ சரக்குதான். 1811ல டண்டேலாங்கற ஊர்ல ஜான் மெக்கின்டாஷ்னு ஒரு விவசாயி காட்ட திருத்தும்போது கண்டெடுத்த மரம், அந்த ஒத்த மரத்துலருந்து ஒட்டு கட்டி, அதுலருந்து ஒட்டு கட்டித்தான் இன்னிக்கு இருக்கற அத்தன மெக்கின்டாஷ் மரமும். அசல் மரம் 1894ல வீடு தீப்புடிச்சப்ப கருகி, 1910ல விழுந்தே போச்சு. பழம் இன்னும் வந்துட்டுதான் இருக்கு. கஞ்சாவுலயே கெம்டாக்னு ஒரு ரகம், 1991ல அமெரிக்காவுல ஒரு கச்சேரிக்கு வெளிய கைமாறின பொட்டலத்துக்குள்ள இருந்த விதைலருந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க, அதையும் வெட்டி வெட்டியே காப்பாத்திட்டு வராங்க.

அதுக்காக ஒண்ணுமே மாறாதுன்னும் இல்ல. இங்க பக்கத்துல கெல்ஃப் பல்கலைக்கழகத்துல 2022ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஒரே செடியோட அடி, நடு, நுனின்னு தனித்தனியா மரபணுவ படிச்சு பாத்தா நுனிப்பக்கம் சின்னச்சின்ன மாற்றங்கள் அதிகமா சேந்திருக்கு. செல் பிரிஞ்சு பிரிஞ்சு வளர்ற தூரம் கூடினா தப்பும் கூடத்தானே செய்யும். ஆனா அந்த மாற்றத்துல பெரும்பாலானது கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியற மாதிரி எதையும் பண்ணாதுங்கறதுதான் என் கணக்கு. வீட்ல ஒரு செடி சோந்து போய் நிக்குதுன்னா மரபணுவ குத்தம் சொல்றதுக்கு முன்னாடி தொட்டிய கவுத்து வேர பாருங்க.

ஏன்னா நிஜமான காரணம் முக்காவாசி அங்கதான் இருக்கும். ஒரு கேலன் தொட்டில மாசக்கணக்கா நிக்கற செடியோட வேர் தொட்டி ஓரமா சுத்தி சுத்தி சுருண்டு கெட்டியாகி, தண்ணி ஊத்தினா மண்ணுல எறங்காம ஓரமா வழிஞ்சு ஓடிடும். மேல பாத்தா இலை வெளுத்து, உரம் போட்டாலும் எடுக்காது. இதுக்கு செடிய மாத்த வேண்டாம். வெளிய எடுத்து, அடிப்பக்கம் மூணுல ஒரு பங்கு வேர ரொட்டிக்கத்தி வச்சு அப்படியே அறுத்து எறிஞ்சிட்டு, ஓரத்தயும் கொஞ்சம் சீவிட்டு, புது மண்ணு போட்டு அதே தொட்டில வச்சிடலாம், அன்னிக்கே மேலயும் கவாத்து பண்ணிடணும், இல்லன்னா கொஞ்ச வேர் நெறைய இலைக்கு தண்ணி அனுப்ப முடியாம தொங்கிடும். ஒரு வாரம் மொறச்சுகிட்டு நிக்கும், அப்பறம் துளிர் விடும். இத போன்சாய் தாய்னு சொல்றாங்க. நாலு செடி வீட்டுக்கு ஏத்தது இந்த சைஸ்தான், முழங்கால் உயரம் போதும். நமக்கு வேண்டியது மூணு நாலு துண்டு, அதுக்கு ஒரு புதர் எதுக்கு.

ரெண்டாவது காரணம் பூச்சி. சிலந்திப்பூச்சி, இலைப்பேன், அப்பறம் ரஸ்ஸட் மைட்னு ஒரு சனியன், வெறும் கண்ணுக்கு தெரியவே தெரியாது, 60 மடங்கு லென்ஸ் வேணும். பூக்கற செடின்னா ரெண்டு மாசத்துல அறுவடை முடிஞ்சு டென்ட்ட கழுவிடுவோம், பூச்சிக்கும் அதோட கதை முடிஞ்சது. தாய்ச்செடி வருஷம் பூரா நிக்கறதால அதுங்களுக்கு அதுதான் நிரந்தர முகவரி.

மூணாவதுதான் நெஜமாவே பயப்பட வேண்டியது. ஹாப் லேட்டன்ட் வைராய்ட். வைரஸ விட சின்னது, மேல உறை கூட கெடையாது, 256 எழுத்து நீளத்துக்கு வட்டமா ஒரு ஆர்என்ஏ, அவ்வளவுதான் அதோட மொத்த உடம்பும். பீர்ல போடற ஹாப்ஸ் செடில பல வருஷமா தெரிஞ்ச நோவு இது, கஞ்சாவும் ஹாப்ஸும் ஒரே குடும்பம். 2019ல கலிஃபோர்னியாவுல கஞ்சால இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி செடிங்கள டட்னு சொல்லிட்டு விட்ருவாங்க, மருந்து வேல செய்யாத வெடி மாதிரி. தண்டு லேசா வளைச்சா படக்குன்னு ஒடையும், கெளை மேல போகாம பக்கவாட்டுல போகும், கணு நெருக்கமா, இலை சின்னதா, பூவுல பிசினும் வாசமும் கம்மி. இதுல கொடுமை என்னன்னா பேர்லயே இருக்கற மாதிரி இது மறைஞ்சு கெடக்கும், தாய்ச்செடி பச்சப்பசேல்னு நிக்கும், குளோன் பூக்கற ஸ்டேஜ் போனாத்தான் தெரியும். "வயசாயிடுச்சு, மங்கிடுச்சு"ன்னு ஜனங்க சொன்ன பல கேஸு இதாத்தான் இருந்திருக்கும்னு எனக்கு தோணுது.

இது பரவறது முக்கியமா நம்ம கை வழியா, அதாவது கத்தி வழியா. ஒரு செடில வெட்டின பிளேடுல ஒட்டியிருக்கற சாறு போதும். ரப்பிங் ஆல்கஹால்ல தொடச்சா போதும்னு எல்லாரும் பண்றாங்க, ஃபங்கஸுக்கு சரி, வைராய்டுக்கு அது பத்தாது. ப்ளீச்தான். வீட்ல துணிக்கு வாங்கற சாதா ப்ளீச் ஒரு பங்கு, தண்ணி ஒம்பது பங்கு, பிளேட அதுல ஒரு நிமிஷமாவது முக்கி வச்சு எடுக்கணும், கலக்கினத நாளைக்கு வச்சிருக்கக்கூடாது, வீரியம் போயிடும். நான் ஒவ்வொரு செடிக்கும் தனி பிளேடே வச்சுக்கறேன், டாலர் கடைல டப்பாவா கிடைக்குது, அந்த ஒரு நிமிஷத்துக்கு நின்னுகிட்டிருக்க எனக்கு பொறுமை இல்ல. லேபுக்கு இலை துண்டோ வேர் துண்டோ அனுப்பினா பிசிஆர் பண்ணி சொல்லுவாங்க, வேர் அனுப்பறது நல்லது, ஏன்னா செடி முழுக்க இது சமமா பரவியிருக்காது, வேர்லதான் அடர்த்தி அதிகம். பாசிட்டிவ்னு வந்தா மருந்து கெடையாது. டிஷ்யூ கல்ச்சர்ல நுனி திசுவ மட்டும் எடுத்து வளத்து சுத்தம் பண்றாங்க, அது லேப் சமாச்சாரம், வீட்டு ஆளுக்கு குப்பைப்பைதான்.

கட்டிங் எடுக்கறது பத்தி சொல்லும்போது பக்கத்து வீட்டு அண்ணன் ஞாபகம் வராம இருக்காது. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது தாண்டியாச்சு, இங்க டொராண்டோ ஸ்கார்பரோல பாதி வீட்ல மாதிரி அவர் வீட்லயும் குளிர்காலத்துல கறிவேப்பிலைத் தொட்டி ஹால்ல ஜன்னலோரமா உக்காந்திருக்கும். ஒரு தடவ நான் வெட்டறத எட்டி பாத்துட்டு, "தம்பி, இது நாங்கள் ஊரிலை கிளுவங்கதியால் வெட்டி வேலிக்கு ஊண்டுற மாதிரித்தானே, உதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்"னு கேட்டார். கதியாலுக்கு முத்தின கொம்பு வேணும்ணே, இதுக்கு முத்தவும் கூடாது, பிஞ்சாவும் இருக்கக்கூடாது, பென்சில விட கொஞ்சம் மெல்லிசா, வளைச்சா வளையணும்னேன். "அப்ப மல்லிகை மாதிரி எண்டு சொல்லும்"னார். கரெக்ட்டு. பாதி வேல அங்கயே முடிஞ்சிடுச்சு, அந்த தண்டு எதுன்னு கண்ணுக்கு தெரிஞ்சா போதும்.

மீதி பாதில நெட்ல சொல்றதுக்கும் சோதிச்சு பாத்ததுக்கும் வித்தியாசம் இருக்கு. குளோன் எடுத்ததும் இலை நுனிய கத்திரிச்சு விடணும், அப்பதான் தண்ணி ஆவியாகறது கொறையும்னு யார கேட்டாலும் சொல்லுவாங்க, எல்லா வீடியோலயும் கத்திரிப்பாங்க. அதே கெல்ஃப்ல 2018ல வெளியான ஆய்வுல, கத்திரிக்காத துண்டுல 71 சதவீதம் வேர் விட்டிருக்கு, கத்திரிச்சதுல 53தான். காரணம் யோசிச்சா புரியும், வேர் விடற வரைக்கும் அந்த துண்டுக்கு சாப்பாடு போடறது இலை மட்டும்தான், அதயும் வெட்டிட்டா? ரெண்டு இலை விட்டத விட மூணு இலை விட்டதுல வேர் தரமா இருந்துச்சு. மேல் கெளையா கீழ் கெளையாங்கற பெரிய சண்டைக்கு, பெருசா வித்தியாசமில்லன்னு முடிச்சிட்டாங்க. வேர் ஜெல்ல 0.2 சதவீத ஐபிஏ (வேர் விட வைக்கற ஹார்மோன்) இருக்கறது, வில்லோ மரச்சாறுல பண்ண இயற்கை ஜெல்ல விட ரெண்டு மடங்குக்கு மேல வேல செஞ்சிருக்கு. இயற்கைன்னு லேபிள் ஒட்டினா கூட 5 டாலர் குடுக்கறவங்க கவனிக்கவும்.

நான் பண்றது இதுதான். வெட்டறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தாய்ச்செடிக்கு நைட்ரஜன கொறச்சு வெறும் தண்ணி மாதிரி குடுப்பேன், கரும்பச்சையா கொழுத்து நிக்கற செடிலருந்து எடுத்தா வேர் வர லேட்டாகும். அரை ஜாண் துண்டு, கணுவுக்கு கீழ சாய்வா ஒரே வெட்டு, கீழ் கணு இலைய கிள்ளிட்டு, ஜெல்லுல முக்கி, நனைச்சு பிழிஞ்ச பீட் பிளக்குல (கன்னு வைக்கற சின்ன பீட் கட்டி) குத்திட்டு மூடி போட்டுடுவேன். இங்க ஜனவரில வீட்ட சூடாக்கற ஃபர்னஸ் ஓடி வீட்டுக்காத்து அப்பளமா காஞ்சு கெடக்கும், அதனால மூடி கட்டாயம், ஆனா மொத நாலஞ்சு நாளைக்கு அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா தெறந்து விடணும். அடியில கை வெதுவெதுப்பா 25 டிகிரி. பேஸ்மென்ட் தரைல நேரா வச்சா ஜில்லுன்னு அழுகிடும். ஒரு வாரத்துக்கு அப்பறம் பாத்தா வெட்டுக்கு மேல தண்டு தோல்ல வெள்ளையா மணி மணியா பொடைச்சிருக்கும், அதுதான் வேர் வர அறிகுறி, ரெண்டு வாரத்துல பிளக்குக்கு வெளிய எட்டி பாக்கும். அதுவரைக்கும் இழுத்து இழுத்து பாக்காம இருக்கணும், இதான் இருக்கறதுலயே கஷ்டம்.

இப்ப கணக்குக்கு வருவோம், ஏன்னா வேர் விட்ட துண்டும் ஒரு செடிதான், நான் அப்படித்தான் எண்றேன். தாய் ஒண்ணு, பூவுல ரெண்டு, அப்ப மிச்சம் ஒரே ஒரு எடம். அந்த எடத்துல மூணு குளோன் வைக்க முடியாது. அதனால வெட்டற நாள தாய்ச்செடியோ நானோ முடிவு பண்றதில்ல, அறுவடைதான் முடிவு பண்ணுது. பூச்செடி ரெண்டயும் அறுத்த அன்னிக்கு எண்ணிக்கை கொறையுது, அப்ப மூணு துண்டு, அதுக்கு மேல எடுக்கறதில்ல, ஒண்ணு அழுகினா அழுகட்டும்.

வேர் விட்டு கொஞ்சம் வளந்ததும் மூணுல நல்லா இருக்கறத புது தாயா வச்சுக்கறேன். பழைய தாய தூக்கி எறியறதில்ல, அதத்தான் 12 மணி லைட்டுக்கு மாத்தி பூக்க விடறேன். நல்லா கெளைச்ச செடி, வேர் புடிச்ச செடி, நல்லாவே பூக்கும், எட்டு ஒம்பது வாரத்துல அறுவடை. அது வச்சிருந்த எடம் வீணாகலங்கறது ஒண்ணு, அத விட முக்கியம் அது பூக்கறதப் பாத்தா நம்ம வம்சம் சுத்தமா இருக்கா, அதே எலுமிச்சை வாசம் வருதா, வைராய்ட் ஏதாச்சும் ஒளிஞ்சிருந்துச்சான்னு தாய்கிட்டயே டெஸ்ட் பண்ணின மாதிரி ஆயிடுது. வருஷக்கணக்குல ஒரே செடிய நிக்க வச்சா இந்த தகவலே கிடைக்காது. ஒருவேளை புது தாய் செத்து போயிட்டாலும் பழசு பூத்து முடிஞ்சப்பறம் அடில ரெண்டு மூணு சின்ன பூவும் கொஞ்சம் இலையும் விட்டு வச்சு மறுபடி 18 மணி லைட்டுக்கு கொண்டு வந்தா, மொதல்ல ஒத்தை விரல் மாதிரி கோணல்மாணலா இலை வரும், பாக்க வினோதமா இருக்கும், அப்பறம் மெதுவா பழைய இலைக்கு திரும்பிடும். லேட்டாகும், ஆனா வம்சம் போகாது.

இந்த சுழற்சிக்கு வெளிய அவசரமா மாத்த வேண்டிய நேரமும் இருக்கு. வேர் வெட்டி புது மண்ணு போட்டும் துளிர் வரலன்னா, வழக்கமா ரெண்டு வாரத்துல விடற வேர் மூணு நாலு வாரம் இழுத்தா, தண்டு ஒடைய ஆரம்பிச்சா, உள்ள வெட்டி பாத்தா பழுப்பு கோடு ஓடினா, 18 மணி லைட்லயே பூ வைக்க பாத்தா. பூ வைக்கறதுன்னா மொதல்ல டைமர பாருங்க, கரண்டு போய் வந்து டைமர் கொழம்பியிருக்கும். டென்ட் ஜிப்புல வெளிச்சம் கசியறதும் தாய்ச்செடிக்கு பிரச்சினையில்ல, பூக்கற செடிக்குத்தான்.

மே மாசம் விக்டோரியா டே தாண்டினப்பறம் ஒண்ணு ரெண்டு குளோன பின்பக்கம் வெளிய வைக்கறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. உள்ள 18 மணி நேரம் பாத்து பழகினது, மே கடைசில டொராண்டோவுல பகல் 15 மணி நேரம்தான், ஜூன் 21லயே பதினஞ்சரைய தாண்டாது. செடி இலையுதிர்காலம் வந்துடுச்சுன்னு நெனச்சு பூ வச்சிடும், அப்பறம் கொழம்பி திரும்ப இலை விடும், ஒரு மாசம் காலி. வெளிய போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் உள்ள லைட்ட கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு 15 பக்கத்துல கொண்டு வந்தா இந்த ரிஸ்க் கம்மி. ஒருதடவ வெளிய போனது திரும்ப உள்ள தாயா வரக்கூடாது, எவ்வளவு அழகா இருந்தாலும். வெளிய இருக்கற அசுவினி, பேன், மாவு பூஞ்சை எல்லாம் கூடவே வரும்.

பேக்கப்புக்கு இன்னொரு வழி சட்டத்துலயே இருக்கு, பூக்காத செடி நாலு வரைக்கும் இன்னொரு வயசு வந்தவங்களுக்கு காசு வாங்காம குடுக்கலாம். என் கூட வேல பாக்கற நண்பன் ஒருத்தன் விட்பில வளக்கறான், அவன் வீட்டு கோட்டா தனி, அவன்கிட்ட ஒரு குளோன் குடுத்து வச்சிருக்கேன், அவனோட ஒண்ணு கேட்டான்னா நானும் வாங்கி வச்சுப்பேன். தேதி போட்டு, யார் செடிலருந்து எப்ப வெட்டினதுன்னு மாஸ்கிங் டேப்ல எழுதி தொட்டில ஒட்டிடணும், ஆறு மாசம் கழிச்சு பாத்தா எல்லாம் ஒரே பச்சையாத்தான் இருக்கும். அவன் டென்ட்ல போன கோடைல பேன் இருந்துச்சு, இப்ப இல்லங்கறான். என் செடி அங்கருந்து திரும்பி வந்தா மூணு வாரம் லாண்டரி ரூம்ல தனியா நிக்கும், லென்ஸ் வச்சு இலைக்கு அடில பாத்துட்டுதான் டென்ட்டுக்குள்ள.